ஐரோப்பாவில் விற்பனைக் குழு: முதல் ஆளிலிருந்து மூன்றாவது நாடு வரை

ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு விற்பனையாளரைத் தேர்ந்தெடுத்திருந்தோம். மூன்று சுற்று நேர்காணல் முடிந்து எல்லாருக்கும் பிடித்துப்போன ஆள். சென்னையில் இரண்டு கையெழுத்து பாக்கி இருந்ததால் ஆஃபர் லெட்டர் ஏப்ரல் 5ஆம் தேதிதான் போனது. மார்ச் மாதத்துக்குள் போயிருந்தால் ஜூலை 1 அன்று சேர்ந்திருப்பார். அந்த ஐந்து நாளால் அக்டோபர் 1 அன்றுதான் சேர்ந்தார்.

காரணம் எளிது. ஜெர்மனியில் அனுபவமுள்ள ஊழியர்களின் ஒப்பந்தத்தில், காலாண்டு முடிவுக்கு மூன்று மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருப்பது சகஜம். மார்ச் 31க்குள் கொடுத்தால் ஜூன் 30 அன்று விடுவிப்பு. ஏப்ரல் 1 ஆகிவிட்டால் செப்டம்பர் 30. அன்றிலிருந்து ஐரோப்பா பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் எடுத்து வைப்பது காலண்டரைத்தான். கையிருப்புப் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கும், அங்கே ஒவ்வொரு காரியமும் எத்தனை மாதம் எடுக்கும் என்ற கணக்கும் பொருந்தாததால்தான் பல நிறுவனங்கள் பாதியில் திரும்பி வருகின்றன.

சென்னையிலோ கோவையிலோ இருந்து சந்தா முறையில் மென்பொருள் விற்பவர்கள், ஐரோப்பாவிலிருந்து தாமாகத் தேடி வந்த சில வாடிக்கையாளர்களை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், இனி அங்கே ஆள் போடலாமா என்று யோசிப்பவர்கள்: உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன். சட்டம் வரும் இடங்களில் கையெழுத்துக்கு முன் அந்த நாட்டு வழக்கறிஞரிடமும் வரி ஆலோசகரிடமும் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

படி 1: கண்டத்தை விடுங்கள், ஒரு நாட்டைப் பிடியுங்கள்

எக்செல்லில் ‘ஐரோப்பா’ என்று ஒரே வரி போட்டு அதற்கு எதிரே டார்கெட் எழுதுவதில்தான் பிசகு தொடங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள், 24 ஆட்சி மொழிகள். பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறிவிட்டது. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை. அவர்களுக்குச் சொந்த நாணயம். ஒரே மாதிரி வாங்கும் பழக்கம் உள்ள நாடுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் பிரிட்டன்–அயர்லாந்து, ஜெர்மன் பேசும் மூன்று நாடுகள் (ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து), நார்டிக் நாடுகள், பெனலக்ஸ் (பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க்), பிரான்ஸ், ஸ்பெயின்–போர்ச்சுகல், இத்தாலி, கிழக்கு ஐரோப்பா என்று எட்டுத் துண்டு வரும்.

எதை முதலில் எடுப்பது? உங்கள் இன்வாய்ஸ்களைத் திறந்து நாடு வாரியாகப் பிரியுங்கள். விற்பனை ஆள் யாரும் பேசாமலே வாங்கி, இரண்டாவது வருடமும் புதுப்பித்தவர்களை மட்டும் எண்ணுங்கள். ஒரு நாட்டில் பத்துப் பதினைந்து பேராவது அப்படி இருந்தால், அதிலும் பாதிப் பேர் ஒரே துறையில் இருந்தால், அதுதான் உங்கள் முதல் நாடு. இணையதளத்துக்கு வந்த வருகைகளின் எண்ணிக்கை இந்த முடிவுக்கு உதவாது.

நம் நிறுவனங்கள் பெரும்பாலும் பிரிட்டனை எடுப்பது ஆங்கிலத்துக்காக. அது நல்ல தொடக்கம்தான். கம்பெனியை ஆன்லைனில் ஒரே நாளில்கூடப் பதிவு செய்துவிடலாம். ஆனால் லண்டனில் அலுவலகம் போட்டதால் ஒன்றியத்துக்குள் கால் வைத்ததாக ஆகாது. ஜெர்மன் வாடிக்கையாளருக்கு லண்டனும் சென்னையும் ஒன்றியத்துக்கு வெளியே உள்ள இரண்டு ஊர்கள்தான்.

ஜெர்மனி பெரிய சந்தை, பொறுமை கேட்கும் சந்தை. அங்கே வாங்குபவர்கள் ஒரே நகரத்தில் இல்லை. ஸ்டார்ட்அப் கூட்டம் பெர்லினில் இருக்கிறது. ஆனால் ‘மிட்டல்ஸ்டாண்ட்’ என்று அவர்கள் சொல்லும் குடும்ப நடுத்தரத் தொழிற்சாலைகள் ஸ்டுட்கார்ட், மியூனிக், டுசல்டார்ஃப் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பரவிக் கிடக்கின்றன. உங்கள் பொருள் தொழிற்சாலைகளுக்கானது என்றால் பெர்லினில் ஆள் போட்டு அவரை வாரத்தில் நாலு நாள் ரயிலில் அனுப்ப வேண்டிவரும். நெதர்லாந்து சிறியது, ஆனால் ஆங்கிலத்திலேயே விற்கலாம், முடிவும் சீக்கிரம் வரும். சோஹோ தன் ஐரோப்பியத் தலைமையகத்தை நெதர்லாந்தின் உட்ரெக்டில் வைத்திருக்கிறது; ஃப்ரெஷ்வொர்க்ஸ் பெர்லினில் அலுவலகம் போட்டது. சென்னையிலிருந்தே கிளம்பிய இரண்டு நிறுவனங்கள் இரண்டு வெவ்வேறு வாசலைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன.

படி 2: ஆள் போடுவதற்கு முன் சென்னையிலிருந்தே விற்றுப் பாருங்கள்

நேர வித்தியாசம் நமக்குக் கிடைத்த வரம். பெர்லினில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அவர்கள் மாலை 5 மணிக்குக் கிளம்பும்போது நமக்கு இரவு 8.30 அல்லது 9.30. அமெரிக்காவுக்கு விற்பவர்கள் போல விடிய விடிய விழித்திருக்க வேண்டியதில்லை. மதியம் வந்து இரவு சாப்பாட்டு நேரத்துக்கு வீடு போகும் ஒரு குழுவை வைத்தே பிரிட்டன், நெதர்லாந்து, நார்டிக் நாடுகளை ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம். குழுவில் யாரும் களைத்து ஓடமாட்டார்கள்.

ஆனால் அமெரிக்காவுக்கு வைத்திருக்கும் ஈமெயில் தொடரை அப்படியே ஐரோப்பாவுக்குத் திருப்பிவிடாதீர்கள். ஜெர்மனியின் நியாயமற்ற போட்டித் தடைச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, முன்கூட்டியே வெளிப்படையான சம்மதம் வாங்காமல் விளம்பர ஈமெயில் அனுப்பக் கூடாது. நிறுவனத்துக்கு அனுப்பினாலும் இதே விதிதான். தொலைபேசியில் அழைக்க, அந்த நிறுவனத்துக்கு இதில் அக்கறை இருக்கும் என்று நம்ப நியாயமான காரணமாவது வேண்டும். போட்டியாளர் ஒருவரின் வக்கீல் நோட்டீஸ் வந்தால் ஒரு ஈமெயிலுக்கான செலவே உங்கள் மாத பட்ஜெட்டைக் கடித்துவிடும். பிரான்சில் பெறுபவரின் பணியோடு தொடர்புள்ள செய்தி என்றால் அனுப்பலாம், விலகும் வழியைக் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் கம்பெனிகளுக்கு அனுப்பலாம். தனிநபர் வணிகர்களுக்குச் சம்மதம் இல்லாமல் கூடாது.

அப்படியானால் ஜெர்மனியில் எப்படித்தான் ஆளைப் பிடிப்பது? துறைக் கண்காட்சிகள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. தொழிற்சாலைகளுக்கு ஹானோவர் மெஸ்ஸே, தகவல் பாதுகாப்புக்கு நூரம்பெர்க்கின் இட்-சா, மார்க்கெட்டிங் துறைக்கு ஹாம்பர்க்கின் ஓஎம்ஆர். ஸ்டால் எடுப்பதற்கு முன் முதல் வருடம் பார்வையாளராகப் போய் வாருங்கள். ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்பதையும், வணிக விசா சந்திப்புகளுக்குத்தான், அங்கே உட்கார்ந்து வேலை பார்க்க அல்ல என்பதையும் பயணத் திட்டம் போடுபவரிடம் சொல்லிவையுங்கள்.

இந்த ஆறு மாதத்தில் எத்தனை டீல் முடிந்தது என்பதைவிட, எங்கே நின்றுபோனது என்பதை எழுதி வைப்பதுதான் முக்கியம். விலையிலா, மொழியிலா, தரவுப் பாதுகாப்பிலா? முதலில் போடும் ஆள் யாராக இருக்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்லும்.

படி 3: விற்பனையாளருக்கு முன்பே பேப்பர் தயாராகட்டும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம் அல்லது 2 கோடி யூரோ, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். அந்த எண்ணைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள். அன்றாடத்தில் அடிப்பது வேறொன்று: ஜெர்மன் வாடிக்கையாளர் இரண்டாவது சந்திப்பிலேயே தன் தரவுப் பாதுகாப்பு அதிகாரியை அழைத்து வருவார், அவர் கேட்கும் ஆவணத்துக்காக உங்கள் டீல் ஆறு வாரம் காத்திருக்கும்.

நம்மவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சர்வர் ஃபிராங்பர்ட்டில் இருக்கிறது, எனவே தரவு ஐரோப்பாவை விட்டு வெளியே போகவில்லை என்று சொல்லிவிடுகிறோம். சென்னையில் இருக்கும் சப்போர்ட் இன்ஜினியர் ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் திறந்து பார்த்தாலே அது சட்டப்படி வெளிநாட்டுப் பரிமாற்றம்தான். இந்தியாவுக்கு ஐரோப்பிய ஆணையத்தின் போதுமான பாதுகாப்புச் சான்று இல்லை. ஆகவே 2021 ஜூனில் ஆணையம் வெளியிட்ட நிலையான ஒப்பந்த விதிகளில் கையெழுத்திட வேண்டும். இந்தியச் சட்டச் சூழலில் அந்தத் தரவுக்கு என்ன ஆபத்து, அதற்கு என்ன தடுப்பு வைத்திருக்கிறீர்கள் என்ற மதிப்பீட்டையும் எழுதி வைக்க வேண்டும். இதை மறைக்காமல் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். சென்னையில் யார், எப்போது, எந்த அனுமதியோடு பார்ப்பார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். எங்களுக்கு அதிக டீல்களைக் காப்பாற்றிய பக்கம் அதுதான்.

தரவுச் செயலாக்க ஒப்பந்தம், துணைச் செயலாக்குநர் (உங்களுக்காக அந்தத் தரவைக் கையாளும் வெளி நிறுவனங்கள்) பட்டியல், தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்று: இவை மூன்றும் எல்லா நாட்டிலும் வேண்டும். ஒன்றியத்தில் உங்களுக்கு அலுவலகமே இல்லை என்றால், ஜிடிபிஆரின் 27ஆம் பிரிவுப்படி ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டிவரும். அதற்கு மேல் துறையைப் பொறுத்தது. கார் தயாரிப்பாளர்களும் அவர்களுக்கு உதிரிபாகம் கொடுப்பவர்களும் டிசாக்ஸ் என்ற வாகனத் துறைத் தகவல் பாதுகாப்பு மதிப்பீட்டைக் கேட்பார்கள். வங்கி, காப்பீடு என்றால் 2025 ஜனவரி 17 முதல் நிதி நிறுவனங்களின் கணினிப் பாதுகாப்புக்கான டோரா விதிகள் வந்துவிட்டன; வெளியேறும் திட்டமும் தணிக்கை உரிமையும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

படி 4: சம்பளம் எந்தக் கம்பெனி கொடுக்கும்?

முதல் ஓரிரு ஆட்களுக்கு, உங்களுக்காக அங்கே சட்டப்படி வேலைக்கு அமர்த்தித் தரும் இடைநிலை நிறுவனங்களைப் பயன்படுத்தலாம். தொழிலில் இதை ஈஓஆர் என்கிறார்கள். வேகமானது, பிடிக்கவில்லை என்றால் வெளியேறவும் எளிது. ஆனால் ஜெர்மனியில் இது தொழிலாளர்களை வாடகைக்கு விடும் சட்டத்துக்குள் வரக்கூடும். உரிமம் உள்ள நிறுவனமாகவே இருக்க வேண்டும், பொதுவாக ஒரு ஆளை 18 மாதத்துக்கு மேல் அப்படி வைத்திருக்க முடியாது. ஆகவே ஈஓஆரில் ஆள் சேர்ந்த அன்றே சொந்தக் கம்பெனிக்கான வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த ஆள் அங்கே உட்கார்ந்து ஒப்பந்தங்களை முடிக்கிறார், சென்னையில் வெறுமனே முத்திரை மட்டும் குத்துகிறார்கள் என்றால், பெர்மனென்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட், அதாவது அங்கேயே வரி கட்ட வேண்டிய நிரந்தரத் தொழிலிடம், உருவாகிவிட்டது என்று அந்த நாட்டு வரித்துறை சொல்லலாம். விலைத் தள்ளுபடியை முடிவு செய்வது யார், கையெழுத்து யாருடையது என்பதை முதல் நாளிலேயே எழுதி வையுங்கள். எழுதியபடிதான் நடக்கவும் வேண்டும்.

ஜெர்மனியில் நம் பிரைவேட் லிமிடெட் போன்ற ஜிஎம்பிஹெச் கம்பெனிக்கு 25,000 யூரோ மூலதனம். பதிவின்போது பாதியான 12,500 யூரோவாவது கட்டியிருக்க வேண்டும், நோட்டரி முன் கையெழுத்து வேண்டும். நெதர்லாந்தில் அதே வகையான பிவி கம்பெனியை ஒரு சென்ட் மூலதனத்திலேயே தொடங்கலாம். எங்கே தொடங்கினாலும் வங்கிக் கணக்குக்குத்தான் அதிக நாள் ஆகும். இந்தியப் பங்குதாரர்களின் ஆவணங்களை அங்கீகரித்து, மொழிபெயர்த்து, திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். நம் பக்கத்திலும் வேலை உண்டு. 2022இன் வெளிநாட்டு முதலீட்டு விதிகள்படி, பணம் அனுப்பும் முன் உங்கள் வங்கி வழியாக எஃப்சி படிவம் கொடுத்து ரிசர்வ் வங்கியின் தனி எண்ணை வாங்க வேண்டும். வருடா வருடம் டிசம்பர் 31க்குள் அந்தக் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கையையும் தர வேண்டும். இதை மறந்து பிறகு மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

சென்னையிலிருந்து ஒருவரை அனுப்பி வைப்பதானால், ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. பிஎஃப் அலுவலகத்தில் சான்று வாங்கிவிட்டால் பிடித்தம் இரண்டு நாட்டிலும் போகாமல் இந்தியாவில் மட்டும் போகும்.

படி 5: முதல் ஆள்

முதலில் ‘ஐரோப்பியத் துணைத் தலைவர்’ ஒருவரைப் போட்டு, அவரே குழுவைக் கட்டட்டும் என்று விட்டுவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. பெரிய நிறுவனத்திலிருந்து வரும் அப்படிப்பட்டவருக்குப் பின்னால் அங்கே மார்க்கெட்டிங், பிராண்டு, இருபது பேர் கொண்ட குழு எல்லாம் இருந்திருக்கும். உங்களிடம் வந்து அவர் தாமே தொலைபேசியை எடுக்க வேண்டும். பெரும்பாலும் எடுக்க மாட்டார். சம்பளமும் நான்கு விற்பனையாளர்களுடையதுக்குச் சமம்.

அதற்குப் பதில், பெயர் தெரியாத நடுத்தர நிறுவனம் ஒன்றில் உள்ளூர் மொழியில் தாமே டீல் தேடி, தாமே முடித்த ஒருவரை எடுங்கள். முடிந்தால் ஒரே நாட்டில் இருவரை ஒரே சமயத்தில் எடுங்கள். ஒருவர் மட்டும் தோற்றால் அது ஆளின் குறையா சந்தையின் குறையா என்று உங்களால் சொல்லவே முடியாது. இருவரும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டால் அது சந்தை.

நேர்காணலில் ஒரு சுற்றை முழுக்க அந்த நாட்டு மொழியில் நடத்துங்கள். உங்களுக்கு ஜெர்மன் தெரியாது என்றால், ஏற்கெனவே உள்ள ஜெர்மன் வாடிக்கையாளர் ஒருவரை உதவி கேளுங்கள், மகிழ்ச்சியோடு வருவார்கள். பெரியவர்களிடம் பேசும் மரியாதை விளியில் எப்போது நிற்கிறார், எப்போது நெருங்கிய விளிக்கு மாறுகிறார் என்பது அங்கே வியாபாரத்தின் பாகம். நாம் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு யோசிக்காமல் தாவுவோமா? அதே கதைதான்.

ஜெர்மன் விண்ணப்பதாரர் தரும் பழைய நிறுவனத்தின் நற்சான்றிதழைப் படிக்க ஒரு சூட்சுமம் உண்டு. சான்றிதழ் ஊழியரின் எதிர்காலத்தைக் கெடுக்காதபடி நல்லெண்ணத்தோடு இருக்க வேண்டும் என்பது அங்கே சட்ட நிலை. அதனால் குறையை நேராக எழுதாமல், பாராட்டின் அளவில் வைத்துவிடுகிறார்கள். ‘எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான திருப்தி தரும்படி’ என்றால் மிகச் சிறப்பு. ‘எப்போதும் முழுத் திருப்தி’ என்றால் நல்லவர். ‘திருப்தி’ என்று மட்டும் இருந்தால் சுமார்தான். நமக்கு எல்லாமே புகழ்ச்சியாகத் தெரியும். அங்கே ஆள் எடுக்கும் அனுபவமுள்ள ஒருவரை வைத்துப் படியுங்கள்.

ஒப்பந்தத்தில் நாட்டுக்கு நாடு கவனிக்க வேண்டியவை நிறைய. எனக்கு வலித்த இரண்டை மட்டும் சொல்கிறேன். நெதர்லாந்தில் ஊழியர் நோய்வாய்ப்பட்டால் இரண்டு வருடம் வரை சம்பளத்தில் குறைந்தது 70 சதவீதத்தை முதலாளிதான் தர வேண்டும். இரண்டு பேர் உள்ள அலுவலகத்தில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கென்று காப்பீடு கிடைக்கிறது, முதல் நாளே எடுத்துவிடுங்கள். ஜெர்மனியில், வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று எழுதினால், அந்தக் காலம் முழுக்கக் கடைசிச் சம்பளத்தில் பாதியாவது கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்க மாதிரி ஒப்பந்தத்தை நகலெடுத்து அந்த வரியை அப்படியே விட்டால், தடையைச் செயல்படுத்த உங்களால் முடியாது.

படி 6: சம்பளம், கமிஷன், டார்கெட்

அமெரிக்காவில் அடிப்படைச் சம்பளமும் கமிஷனும் பாதிக்குப் பாதி. ஐரோப்பியக் கண்டத்தில் 60–40, 70–30 என்று அடிப்படை கனமாக இருப்பதுதான் பழக்கம். பாதிக்குப் பாதி என்று போட்டால், வேறு இடத்தில் கிடைக்காதவர்கள்தான் வருவார்கள். ஜெர்மனியில் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர் கம்பெனி கார் எதிர்பார்ப்பார். ஆடம்பரம் என்று நினைத்து மறுத்துவிடாதீர்கள்.

மொத்தச் சம்பளத்துக்கு மேல் முதலாளியின் பங்கு என்று ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஒரு உச்சவரம்பு வரை. பிரான்சில் 40 சதவீதத்தைத் தாண்டலாம். பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேல் உள்ள சம்பளத்தில் 15 சதவீதம். நெதர்லாந்தில் 8 சதவீத விடுமுறைப் படி தனி, வழக்கமாக மே மாதத்தில். ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்பெயினில் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட சம்பளத் தவணைகள். ஆஃபரில் ஆண்டுத் தொகையைப் பேசுங்கள், மாதத் தொகையை அல்ல.

டார்கெட் கடிதம் சாதாரணத் தாள் என்று நினைக்கக் கூடாது. பிரான்சில் ஊழியரின் பணிக்குத் தேவையான ஆவணங்கள் பிரெஞ்சில் இருக்க வேண்டும். கமிஷனுக்கான இலக்குகளை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தால், ஊழியருக்கு எதிராக அவற்றைக் காட்ட முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2011இலேயே தீர்ப்பளித்தது. இலக்கில் பாதிகூட எட்டாதவருக்கும் முழு கமிஷன் கொடுக்க வேண்டிய நிலை வரலாம். ஜெர்மனியில் 2025 பிப்ரவரியில் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், இலக்கை மிகத் தாமதமாகச் சொன்ன முதலாளி ஊழியருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்றது. நம் ஊரில் ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கி, மே கடைசியில் டார்கெட் அனுப்புவது வழக்கம். ஐரோப்பிய ஆட்களுக்கு அதை ஆண்டு தொடங்கும் முன்பே, அவர்கள் மொழியில், கையெழுத்தோடு முடித்துவிடுங்கள்.

படி 7: முதல் ஆறு மாதம்

மறுபடி காலண்டர். ஜெர்மனியில் சோதனைக் காலம் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் இரண்டு வார நோட்டீஸில் பிரியலாம். அக்டோபர் 1 அன்று சேர்ந்தவருக்கு மார்ச் 31 அன்று அது முடிகிறது. இடையில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை யாரும் கிடைக்க மாட்டார்கள். மிட்டல்ஸ்டாண்டில் ஒரு டீல் முடிய ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆவதை நான் பார்த்திருக்கிறேன். அதாவது ஒரு டீல்கூட முடிவதற்கு முன்பே அந்த ஆளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

அதனால் வருவாயைப் பார்க்காமல் வேறு நான்கைப் பார்க்கிறேன். மூன்றாவது மாதத்துக்குள், தாமாகத் தேடிய நிறுவனங்களில் எத்தனை பேர் இரண்டாவது சந்திப்புக்கு ஒப்புக்கொண்டார்கள்? சந்திப்பில் முடிவெடுப்பவர் உட்கார்ந்திருந்தாரா? வாடிக்கையாளர் விவரங்களைப் பதியும் சிஆர்எம் மென்பொருளில் எழுதும் குறிப்பைப் படித்தால் வாடிக்கையாளரின் தொழில் நமக்குப் புரிகிறதா? தோற்ற டீலைப் பற்றிக் கேட்டால் காரணத்தை நேராகச் சொல்கிறாரா? நான்கில் மூன்று சரியாக இருந்தால் டீல் எதுவும் முடியாவிட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது மாதத் தொடக்கத்தில் இந்தப் பேச்சை நடத்துங்கள், கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

விடுமுறைகளை மதியுங்கள். ஆகஸ்டில் பிரான்சும் இத்தாலியும் ஏறக்குறைய மூடிக்கிடக்கும். ஸ்வீடனில் கோடையில் தொடர்ந்து நான்கு வாரம் விடுப்பு எடுப்பது சட்டம் தந்த உரிமை. ஜூலையில் அங்கே எதுவும் நகராது. மூன்றாம் காலாண்டு டார்கெட்டை மற்றக் காலாண்டுகளுக்குச் சமமாகப் போடும் தலைமையகத்தை அந்த ஆட்கள் நம்பமாட்டார்கள்.

சென்னையின் பங்குதான் இங்கே எல்லாவற்றிலும் பெரியது. அங்கே தனியாக இருப்பவர் ஒரு கேள்வி கேட்டால் அன்றே பதில் போக வேண்டும். அவருக்கென்று ஒரு இன்ஜினியரைப் பெயர் சொல்லி ஒதுக்குங்கள். 1,234.56 என்பதை ஜெர்மனியில் 1.234,56 என்று எழுதுவார்கள். மென்பொருளில் அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு டெமோவிலும் அந்த ஆள் சங்கடப்பட்டுக்கொண்டே இருப்பார். கார்டில் பணம் கட்டச் சொல்லாமல் இன்வாய்ஸும் வங்கிப் பரிமாற்றமும் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் அவரைச் சென்னைக்கு வரவழைத்து சப்போர்ட் குழுவோடு உட்கார வையுங்கள். டிக்கெட் செலவு போனால் போகட்டும். பிறகு வாடிக்கையாளர் முன்னால் அவர் ‘எங்கள் ஆட்கள்’ என்று சொல்லும்போது அதில் முகங்கள் இருக்கும்.

படி 8: பங்காளிகள்

ஜெர்மனியின் சிஸ்டம்ஹவுஸ் நிறுவனங்கள் நடுத்தரத் தொழிற்சாலைகளின் கணினி விவகாரம் முழுவதையும் பார்த்துக்கொள்பவை. அவர்கள் சொன்னால் வாடிக்கையாளர் கேட்பார். உங்கள் ஆள் நேரடியாக ஐந்தாறு டீல் முடித்த பிறகு அவர்களிடம் போங்கள். அதற்கு முன் போனால் அவர்களுக்குக் காட்ட உங்களிடம் கதை இருக்காது.

கமிஷன் ஏஜெண்ட் வைப்பதில் ஒரு எச்சரிக்கை. 1986ஆம் ஆண்டின் ஐரோப்பிய வணிக முகவர் வழிகாட்டு ஆணைப்படி, ஒப்பந்தத்தை முறிக்கும்போது முகவருக்கு இழப்பீடு தர வேண்டிவரலாம். அது பொருட்களுக்கு மட்டும்தானே என்று முன்பு மென்பொருள்காரர்கள் நினைத்திருந்தோம். நிரந்தர உரிமத்தோடு இணையம் வழியாகத் தரும் மென்பொருளும் அதில் அடங்கும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. ஜெர்மன் சட்டம் சேவைகளுக்கான முகவர்களையும் காக்கிறது. கைகுலுக்கி ஏஜெண்ட் போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

படி 9: இரண்டாவது, மூன்றாவது நாடு

முதல் நாட்டில் இருவரும் டார்கெட்டில் முக்கால்வாசியை இரண்டு காலாண்டு தொடர்ந்து எட்டியிருக்க வேண்டும். நிறுவனர் தலையிடாமலே டீல்கள் முடிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த நாடு. முதல் நாடு ஜெர்மனி என்றால் அடுத்தது ஆஸ்திரியா. மொழி ஒன்று, ஆவணங்கள் ஏறக்குறைய ஒன்று, புது ஆள்கூட வேண்டியதில்லை. பிரான்ஸை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அங்கே பிரெஞ்சில் தளம், பிரெஞ்சில் சப்போர்ட், பிரெஞ்சுக்காரரான விற்பனையாளர், மூன்றும் ஒன்றாக வேண்டும். இரண்டு இருந்து ஒன்று இல்லை என்றாலும் காசு கரையும்.

மூன்றாவது நாட்டை எட்டும்போது, ஒவ்வொரு தலைநகரிலும் ஒரு ஆள் என்று சிதறுவதா, பல மொழிக்காரர்கள் கிடைக்கும் ஒரே ஊரில் எல்லாரையும் உட்கார வைப்பதா என்ற கேள்வி வரும். அமெரிக்க நிறுவனங்கள் பல டப்ளினில் அப்படித்தான் மையம் வைத்தன. ஆம்ஸ்டர்டாமும் பார்சிலோனாவும் அதற்கு ஏற்ற ஊர்கள். சிறிய டீல்களைத் திரையிலேயே முடிப்பவர்களுக்கு மையம் பொருந்தும். தொழிற்சாலைக்குள் போய் நின்று விற்க வேண்டிய பொருள் என்றால் ஆள் வாடிக்கையாளரின் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

மண்டல மேலாளர் இப்போதுதான் தேவை, ஆறேழு பேர் ஆனபிறகு. வெளியில் தேடுவதற்கு முன் முதலில் சேர்ந்த இருவரிடமும் கேளுங்கள். இதற்குள் ஜெர்மனியில் ஐந்து பேர் ஆகியிருந்தால், ஊழியர்கள் விரும்பினால் ஊழியர் மன்றம் அமைத்துக்கொள்ளலாம். கமிஷன் திட்டத்தின் அடிப்படைகளிலும், ஒருவரின் செயல்திறனைக் கண்காணிக்கக்கூடிய மென்பொருளிலும் அதற்கு இணைமுடிவு உரிமை இருக்கிறது, அதாவது அதன் ஒப்புதல் இல்லாமல் நீங்கள் முடிவெடுக்க முடியாது. உங்கள் சிஆர்எம்மும் அதில் வரும். புது டாஷ்போர்டைச் சென்னையிலிருந்து திங்கட்கிழமை காலை திறந்துவிட்டு செவ்வாய்க்கிழமை விளக்கம் சொல்ல முடியாது. மன்றம் அமையும் முன்பே, என்ன அளக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று அவர்களோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதிய அந்தத் தாளில், அழைப்புகளின் எண்ணிக்கையைத் தனிநபர் வாரியாகச் சென்னை பார்க்காது என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கியவர் ஏப்ரல் 5ஆம் தேதி ஆஃபர் போன அந்த ஸ்டுட்கார்ட்காரர்தான். இப்போது ஜெர்மன் பேசும் மூன்று நாடுகளையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.